அறைத் தண்ணி

சொம்பைக் கீழ வெக்காதீங்க. கையிலயே வெச்சுக்கிட்டு லேசா ஆட்டி ஆட்டிக் குடிங்க. பயப்படாதீங்க, இது லாரித் தண்ணிதான், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா இந்த ஊருல ஒரு ஏனத்துல தண்ணி அசையாம இருக்கறதைப் பார்த்தா எங்களுக்குப் பொறுக்காது, அதுக்குத்தான் சொல்றேன். பஸ்ஸுக்கு டயரு மாத்த எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், டிரைவரு இப்பத்தான் ஜாக்கியே தேடிக்கிட்டு இருக்காரு, அதுவரைக்கும் இந்தப் புளியமரத்து நெழல்ல உக்காருங்க. நீங்க உக்காரலாம், வெளியூரு. நானும் உக்காரலாம், அது ஏன்னு சொல்றேன். மத்தவங்க ஒருத்தரும் இங்க உக்காரமாட்டாங்க. அங்க பாருங்க, டீக்கடைக்காரரு டீயை ஆத்திக்கிட்டே ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கறாரு, குடிக்கறவங்க பின்னாடியே நடந்து டம்ளரை வாங்கிக்கறாங்க, பஸ்ஸுல இருக்கறவங்க எட்டிப் பார்த்துச் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும், அவங்களுக்கு என்ன தெரியும்.

மெதுவாப் பேசுவோம், மடியில இவ தூங்க ஆரம்பிச்சுட்டா. மூணு வயசு. நிக்காத தண்ணி பேராப் பார்த்து யமுனான்னு வெச்சோம். கண்ணை மூடறதுக்கு முன்னாடி, 'அரிசி போட்டாச்சாம்மா'ன்னு கேட்டாளே, உங்க காதுல விழுந்துச்சா? நானும் போட்டாச்சுன்னு சொன்னேன். அதைக் கடைசியில சொல்றேன்.

அந்தக் கரடு தெரியுதுங்களா, மண்டையில வெள்ளையா வெங்கச்சாங்கல்லு துருத்திக்கிட்டு, அதுதான் நொச்சிக்கரடு. மழை பேஞ்சா எங்களுக்குச் சோளம், பேயலைன்னா அந்தக் கரட்டுல தோண்டி எடுக்கற பளிங்குக் கல்லு. வெங்கச்சாங்கல்லு ஓட்டம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே தோண்டிக்கிட்டுப் போகோணும், போகப் போகப் பாறை செவந்து, பொலபொலன்னு உதிர ஆரம்பிக்கும், அப்பக் கடப்பாரையைத் திருப்பிப் பிடிச்சுத் தட்டோணும், தட்டிக் காதை வெக்கோணும். பறை மாதிரி ஒரு சத்தம் வந்துச்சுன்னா உள்ள பொந்து இருக்குதுன்னு அர்த்தம். அதைத்தான் நாங்க அறைன்னு சொல்லுவோம். அறைன்னு தெரிஞ்ச நிமிசத்துல இரும்பைத் தூரப் போட்டுரோணும், அப்பறம் வெறுங்கைதான்.

எங்க குழிக்கு மேஸ்திரி குப்பண்ணன். மனுசன் வாயைத் திறந்தா மூட மாட்டாரு, ஆனா கல்லு விசயத்துல பொய் சொல்ல மாட்டாரு. பளிங்கு எப்படிண்ணா உண்டாகுதுன்னு நான் ஒருக்காக் கேட்டேன்.

"பூமிக்கு அடியில அடுப்பு எரியுது அம்மிணி. அந்தக் கொதி தண்ணி பாறை வெடிப்புல ஏறி வாரப்பக் கல்லைக் கரைச்சுக்கிட்டே வரும், நீ காப்பியில சீனி கரைக்கறாப்ல. மேல வந்து ஒரு பொந்துல அடைபட்டுப் போகும். வெளிச்சமும் இல்ல, காத்தும் இல்ல. அங்கயே ஆற ஆரம்பிக்கும். ஆற ஆறக் கரைஞ்ச கல்லு பொடிப்பொடியா செவுத்துல ஒட்டும், ஒட்டுனதும் அதுமேல இன்னொண்ணு, ஆறு பட்டை, உச்சியில ஒரு கூரு. அவசரப்பட்டா வெறும் வெங்கச்சாங்கல்லாப் போயிரும். பளிங்கு ஆகோணும்னா அது ஒரே ஒரு வேலைதான் செய்யோணும்."

"என்ன வேலைங்ண்ணா?"

"சும்மா இருக்கோணும்."

அறை தொறந்ததும் முதல்ல தண்ணி. உள்ள தேங்கிக் கெடக்கற வெதுவெதுப்பான தண்ணியை மொண்டு மொண்டு, அங்கயே பக்கத்துல இருக்கற பாறை இடுக்குல ஊத்திரோணும், ஒரு கை கூட மிச்சம் வெக்கக் கூடாது, அறைத் தண்ணி கரட்டை விட்டு எறங்கக் கூடாது, இது எங்க கட்டுப்பாடு. அதுக்கப்பறம்தான் கல்லு. கல்லை எடுத்ததும் துணியில சுத்தி, வைக்கோலுக்குள்ள பொதிஞ்சு, ஒரு நாள் முழுக்கக் காத்துப் படாம ஆறவெக்கோணும், இல்லீன்னா டிக்குன்னு உள்ளயே வெடிச்சுரும். கல்லுக்கு எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணிக்கு எதுக்குன்னு குப்பண்ணனுக்கே தெரியாது. தெரியாத கட்டுப்பாட்டைத்தான் மனுசன் முதல்ல மீறுவான், நானே மீறுனேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு சித்திரை. போர் வத்திப் போச்சு, லாரித் தண்ணி ஒம்பது நாளைக்கு ஒருக்கா, அதுலயும் குடத்துக்கு அடிதடி. அப்ப எனக்கு ஆறு மாசம். கண்ணாலமாகிப் பதினோரு வருசம் கழிச்சு, ரெண்டு தங்காமப் போனதுக்கு அப்பறம் தங்குன புள்ள. குழிக்குள்ள எறங்க வேண்டாம்னு சொல்லி, மேல நின்னு குடத்தை வாங்கி இடுக்குல ஊத்தற வேலை எனக்குக் குடுத்திருந்தாங்க. அந்த அறை மாதிரி நாங்க யாரும் பார்த்ததில்லீங்க, மொள்ள மொள்ள ஊறுது, கண்ணாடி கணக்கா இருக்குது, வாடை இல்ல, உப்பு இல்ல, கையை விட்டா வெதுவெதுன்னு இருக்குது. பத்தாவது குடத்தை இடுக்குல கவுத்தப் போனேன், ஊட்டுல நாலு நாளாத் துவைக்காத துணி ஞாபகம் வந்துச்சு. அந்தக் குடத்தை ஊத்தலை. இடுப்புல வெச்சுக்கிட்டுக் கரட்டை விட்டு எறங்கிட்டேன். என்ற பின்னாடி, கூட வேலை செஞ்ச ருக்குமணி ஒரு குடம், அவ பின்னாடி இன்னொருத்தி. மூணு நாள்ல ஊர்த் தொட்டி நெறைஞ்சு போச்சு. குளிச்சோம், சமைச்சோம், மாட்டுக்குக் காட்டுனோம், குடிச்சோம். குப்பண்ணன் வேண்டாம் வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டாரு, அஞ்சாவது நாள் தாகம் தாங்காம அவரும் குடிச்சாரு.

முதல்ல சந்தோசந்தான். மூலையில யாரும் தொடாம வெச்சிருந்த சொம்புல, அடியில இருந்து ஊசி ஊசியாப் பளிங்கு மொளைச்சு நின்னுச்சு. ஒடனே ஊரே குண்டான், அண்டா, ஆட்டுக்கல்லுக் குழின்னு ஒண்ணு விடாமத் தண்ணி ஊத்தி வெச்சோம். தோண்டாத குழியில கெடைக்கற கல்லு, யாருக்குத்தான் கசக்கும். அப்பறம் ஒரு நாள் எங்க ஊட்டு அடைக்கோழி கூடைக்குள்ள சத்தமில்லாம இருந்துச்சு, சீக்கிரம் பொரிக்கப் போகுதுன்னு நெனைச்சுக் கையை விட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. கோழி பூராவும் பளிங்கு. இறகு இறகாத் தெரியுது, இறகுக்குள்ள வயிறு தெரியுது, வயித்துக்கு அடியில முட்டை தெரியுது, முட்டைக்குள்ள அலகோட குஞ்சு தெரியுது. நான் கூடையைக் கீழ போட்டுட்டு என்ற வயித்தைப் பிடிச்சுக்கிட்டேன். அன்னிக்குப் பிடிச்ச பயம், இன்னும் விடலை.

அடுத்தது மயில்சாமி, ருக்குமணி ஊட்டுக்காரன். குழியில வழுக்கி விழுந்து காலு ஒடிஞ்சு, மாவுக்கட்டுப் போட்டுக் கட்டில்ல கெடந்தான், அசையக் கூடாதுன்னு சொல்லிக் கெடத்தியிருந்தாங்க. ஒரு மத்தியானம் ருக்குமணி உலையை ஏத்திட்டு, வடிச்சுச் சோறு எடுத்துக்கிட்டுப் போனா. அவன் நெத்தி வரைக்கும் பளிங்காத் தெளிஞ்சு போயிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரு எக்ஸ்ரே எழுதிக் குடுத்துட்டு அப்பறம் அவரே கிழிச்சுப் போட்டுட்டாரு, எலும்பு வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சுதுங்களே. உசுரு இருக்குதா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியலை. ஜன்னலோரமா வெச்சிருக்கா, காலையில வெயில் அவனுக்குள்ள பூந்து செவுத்துல ஏழு நிறமா விழும். பொட்டு வெக்கறதா அழிக்கறதான்னு தெரியாம, ருக்குமணி வாரத்துல மூணு நாள் வெச்சுக்கறா, நாலு நாள் அழிச்சுக்கறா.

அவ உலை ஏத்தி வடிச்ச நேரம்தான் கணக்குன்னு ஊரு புரிஞ்சுக்கிச்சு. அறைத் தண்ணி குடிச்ச ஒடம்பு, ஒரு உலை அரிசி வேகற நேரத்துக்கு மேல அசையாம இருந்தா, காலு நகத்துல இருந்து தெளிய ஆரம்பிக்கும். மிச்சம் இருந்த தண்ணியை எல்லாம் கொண்டு போய் கரட்டுலயே ஊத்திட்டு வந்தோம், ஆனா குடிச்சதை எங்க கொண்டு போய் ஊத்தறது?

அதனால நடந்தோம். பொழைக்கறதுக்கு மனுசன் எதையும் பழகிக்குவான். பஞ்சாயத்துக் கூட்டம் கருப்பராயன் கோயிலைச் சுத்திச் சுத்தி நடந்துச்சு, பேசறவரு முன்னால, கேக்கறவங்க பின்னால, எதுத்துப் பேசறவங்க எதிர்ச்சுத்து. வாத்தியாரு பசங்களை வரிசையா ஓடைக்கரையில நடத்திக் கூட்டிக்கிட்டுப் போயி வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாரு. முடி வெட்டிக்கறவங்களும் வெட்டறவங்களும் சேர்ந்தே நடந்ததுல பாதிப் பேரு காதுல தழும்பு. கண்ணாலத்துக்கு மணை கெடையாது, மாப்பிள்ளை ஓடிக்கிட்டே தாலி கட்டறாரு, சாமி கும்பிடறதும் நடந்துக்கிட்டேதான், கருப்பராயன் கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும். தூங்கறதுக்கு வரிசையாத் தூளி கட்டி, பத்துத் தூளியையும் ஒரே கயித்துல சேர்த்து, அந்தக் கயித்தைச் செக்கு மாட்டுல கட்டி வெச்சோம், மாடு நின்னா முடுக்க ஒரு ஆளு. சில பேரு ஊரை விட்டே போனாங்க, திருப்பூருல தையல் மெசின் மிதிச்சவங்க தப்பிச்சாங்க, செக்யூரிட்டி வேலைக்குப் போனவன் நாற்காலியிலயே தெளிஞ்சுட்டான். மத்தவங்க திரும்பி வந்துட்டாங்க. அசந்து போனா நம்மளைப் பிடிச்சு உலுக்கறதுக்கு ஆளிருக்கற ஊரு இது ஒண்ணுதானுங்களே.

நானும் நடந்தேன். என்ற ஊட்டுக்காரரு ஆறுச்சாமி, அதிகம் பேசாத மனுசன், என்ற கூடவே நடப்பாரு, ஒரு கை என்ற வயித்து மேலயே இருக்கும். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் நடப்பேன், காலு வீங்கி செருப்பு ஏறாது, வெறுங்காலோட நடப்பேன். வயித்துல முன்னாடி எல்லாம் பொழுதுக்கும் ஒதைச்சுக்கிட்டு இருந்தது, நான் நடக்க நடக்கக் குறைஞ்சுது. அப்பறம் ஒரு நாள் ஒதைக்கவே இல்லை.

குப்பண்ணன் என்ற வயித்தைப் பார்ப்பாரு, ஒடனே கரட்டைப் பார்ப்பாரு. எனக்குத் தெரியாதா? வெளிச்சம் இல்லாத எடம், காத்து இல்லாத எடம், வெதுவெதுன்னு தண்ணி, அதுலயும் நான் குடிச்ச அதே தண்ணி, நடுவுல சும்மா இருக்கற ஒரு உசுரு. அறைன்னா வேற என்னங்க? கரட்டுல இருந்த அறையை நான் இடுப்புல சுமந்துக்கிட்டு வரலை, வயித்துல சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். எனக்கு அழுகை கூட வரலை, பல்லு மட்டும் தந்தியடிச்சுது, வெயில்ல.

நர்சம்மா ஜெசிந்தா ஸ்கூட்டியில வந்தாங்க. வெளியூரு, அறைத் தண்ணி குடிக்காதவங்க, ஆனா எங்களுக்காக அவங்களும் நடந்துக்கிட்டேதான் ஊசி போடுவாங்க. குழாயை வெச்சுக் கேட்டாங்க. "துடிப்பு இருக்குது துளசி"ன்னாங்க.

"அப்பறம் ஏங்க அசைய மாட்டேங்குது?"

"நீ நடந்தா அதுக்குத் தொட்டில் ஆட்டறாப்ல. சொகமாத் தூங்கிரும். எல்லா வயித்துப் புள்ளையும் அப்படித்தான். நீ எடது பக்கம் ஒருக்களிச்சுச் சும்மா படு, முழிச்சுக்கிட்டு ஒதைக்கும்."

சொன்னதுக்கு அப்பறம்தான் என்ன சொன்னோம்னு அவங்களுக்கே உறைச்சுது. கூட நடந்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் ஒரு நிமிசம் நின்னுட்டாங்க. நான் நடந்தா அது அசையாது, அது அசையோணும்னா நான் அசையக் கூடாது. எவ்வளவு யோசிச்சாலும் அதுக்கு மூணாவது வழி இல்லீங்க.

ஆறுச்சாமி வாசல்ல வேப்ப மரத்தடியில கட்டிலைப் போட்டாரு. எதுக்க மூணு கல்லை வெச்சு அடுப்புக் கூட்டி, உலை வெச்சு அரிசி போட்டாரு. சோறு வேகறதுக்குள்ள புள்ள ஒதைச்சுட்டா நான் எந்திரிச்சுரலாம். முதல் நாள், உலை கொதிக்கறப்பவே ஒதைச்சுது. எந்திரிச்சு நடந்தேன். அது தூங்கறப்ப மறுபடியும் படுத்தேன், மறுபடியும் ஒரு உலை. ஒரு நாளைக்குப் பத்து உலை, பன்னெண்டு உலை. ஊரே ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டாந்து குடுத்துது, வெந்த சோத்தை ஊரே நடந்துக்கிட்டுத் தின்னுது.

ஆனா புள்ள வளர வளரத் தூக்கமும் வளர்ந்துச்சு. பத்து நாள்ல, அரிசி முக்கால் பதம் ஆகறப்பத்தான் ஒதைச்சுது. அப்பறம் சோறு குழையறப்ப. ஒம்பதாவது மாசம் ஆரம்பிச்சப்ப, என்ற கட்டைவிரல் நகம் ரெண்டும் தெளிஞ்சிருந்துச்சு, வலி இல்லீங்க, சில்லுன்னு ஒரு மரத்துப் போன உணர்ச்சி, அவ்வளவுதான். அப்பறம் வெரலு. அப்பறம் பாதம். ஆறுச்சாமி உலையைப் பார்ப்பாரு, என்ற காலைப் பார்ப்பாரு, மறுபடியும் உலையைப் பார்ப்பாரு.

கடைசியா ஒரு நாள் சோறு குழைஞ்சுது, கஞ்சியாச்சு, அடி பிடிச்சுது. ஒதைக்கலை. கருகற வாடை ஊரெல்லாம் அடிச்சுது. ஆறுச்சாமி வந்து என்ற தோளுக்கு அடியில கையைக் குடுத்தாரு.

"எந்திரி புள்ள. போதும்."

"தூக்காதீங்க."

"உன்ற முழங்கால் வரைக்கும் வந்துருச்சு."

"தெரியும். இப்ப எந்திரிச்சா மறுபடியும் தூங்கிரும். இன்னும் சித்த நேரம்."

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பதினோரு வருசத்துல அந்த மனுசன் என்கிட்டப் பேசுன பெரிய பேச்சு அதுதானுங்க. எனக்கும் சாகப் பயந்தான். மயில்சாமி மாதிரி ஜன்னலோரமாக் கெடக்கப் பயந்தான். ஆனா அந்தக் கோழி முட்டைக்குள்ள அலகோட குஞ்சு தெரிஞ்சுதே, அது அதைவிடப் பயம். "இன்னொரு உலை வைங்க"ன்னேன். அழுதுக்கிட்டே வெச்சாரு. அது கொதிக்கறப்ப, இடுப்புக்கு மேல, எடது பக்கம், ஒரே ஒரு ஒதை. அதோட பனிக்குடமும் உடைஞ்சுது.

நர்சம்மா அந்தக் கட்டில்லயே பிரசவம் பார்த்தாங்க. பொறந்தப்ப இவ அழுகலை, அசையலை. குப்பண்ணன் ஓடி வந்து, கரட்டுல கல்லைச் சுத்தறாப்ல என்ற பழைய சீலையில சுத்தி, காத்துப் படாம நெஞ்சோட சேர்த்து வெச்சுக்கிட்டு நடந்தாரு, நடந்தாரு, ஊரே அவரு பின்னாடி நடந்துச்சு. மூணாவது சுத்துல இவ கத்துனா. ஆறுச்சாமி பனிக்குடத் தண்ணியில நனைஞ்ச துணியை எல்லாம் சுருட்டிக்கிட்டுக் கரட்டுக்கு ஓடி, அன்னிக்கு நான் பத்தாவது குடத்தை ஊத்தாம விட்ட அதே இடுக்குல பிழிஞ்சு விட்டுட்டு வந்தாரு.

இந்தாங்க, சீலையைத் தூக்கிக் காட்டறேன், மொகம் சுளிக்காதீங்க. முழங்கால் வரைக்கும் பளிங்கு. அதுக்கு மேல ஏறலை. அன்னிக்கு அப்பறம் இந்த ஊருல ஒருத்தருக்கு நகம் கூடத் தெளியலைன்னு சொல்றாங்க, கொண்டாந்தது திரும்பப் போனதால தீந்துதுன்னு குப்பண்ணன் சொல்றாரு. ஆனா நின்னு பார்க்கறதுக்கு எவனுக்கும் தைரியம் இல்லை, அதனால எல்லாரும் நடக்கறாங்க. என்னால நடக்க முடியாது, அதனால உக்காந்திருக்கேன். மூணு வருசமா உக்காந்திருந்தும் எனக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா நான் பாதிக் கல்லு, என்னை வெச்சு எதைச் சொல்றது?

பயம் இவளை நெனைச்சுத்தான். இவ அந்தத் தண்ணிக்குள்ளயே ஊறுனவ. தூளியில போட்டா கத்துவா, ஆட்டுனா கத்துவா, அசையாத என்ற மடியிலதான் தூங்குவா. அதனால இவ கண்ணை மூடுனதும் பக்கத்துல இருக்கற இந்த அடுப்புல உலையை வெச்சு அரிசி போடுவேன், வெந்ததும் உலுக்கி எழுப்பிருவேன். பொறந்ததுல இருந்து இவ ஒரு தூக்கம் முழுசாத் தூங்குனதில்லீங்க. கண்ணுக்கு அடியில பாருங்க, மூணு வயசுப் புள்ளைக்குக் கருவளையம். நேத்து நின்னுக்கிட்டே தூங்கி விழுந்து நெத்தியில அடிபட்டுக்கிச்சு. பேச்சு வந்து இவ முழுசாச் சொன்ன முதல் வாக்கியமே, அரிசி போட்டாச்சாம்மா.

இன்னிக்குப் போட்டாச்சுன்னு சொன்னேன். போடலீங்க. அடுப்பே பத்த வெக்கலை. நீங்க தண்ணி கேட்டு வந்தீங்க, யாருகிட்டயாவது பேசிக்கிட்டே இருந்தாத்தான் என்ற கை இவளை உலுக்காம இருக்கும்னு தோணுச்சு, அதான் உங்களை உக்கார வெச்சேன். நான் பேச ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு? இந்நேரம் சோறு குழைஞ்சிருக்கும், அடியும் பிடிச்சிருக்கும். எனக்குக் கீழ குனிஞ்சு பார்க்கப் பயமா இருக்குது. நீங்க பாருங்க. மொகத்தைப் பார்க்க வேண்டாம், கொலுசுக்குக் கீழ, கட்டைவிரல் நகத்தைப் பாருங்க. என்ன நிறமா இருக்குது? சொல்லுங்க. ஏன் சும்மா இருக்கீங்க, சொல்லு…

இருங்க.

ஒதைச்சுட்டா. என்ற வயித்துல, எடது பக்கம், அன்னிக்கு ஒதைச்ச அதே எடத்துல, வெளியில இருந்து. தூக்கத்துல ஏதோ கனவு போல இருக்குது. டிரைவரு ஹாரன் அடிக்கறாரு, நீங்க கெளம்புங்க, சொம்பை அங்கயே கீழ வெச்சுட்டுப் போங்க, பரவால்லை. பஸ்ஸை மட்டும் சத்தமில்லாம எடுக்கச் சொல்லுங்க, புள்ள தூங்குது.